சீயக்காயா, அரப்பா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் நாளென்றால் இரண்டு கட்சி. அம்மாவுக்குச் சீயக்காய், சேலத்திலிருந்து வந்த அத்தைக்கு அரப்பு.

சீயக்காய் இலையுதிர் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் முட்புதர். தண்டு நெடுக வளைந்த முள். அதை மாட்டி மாட்டித்தான் கொடி மேலே போகிறது. பறிக்கப் போகிறவர்களின் கையையும் கிழிக்கிறது. அதனால் காய்ந்த காய்க்குக் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன். மார்க்கெட் பக்கம் 'கிரந்திகெ அங்கடி' என்று கேளுங்கள், நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடைதான். காயை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு சேர்த்து மில்லில் அரைத்தால் மாதக்கணக்கில் வரும். நுரை தருவது அதிலுள்ள சப்போனின். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து பிசுபிசுக்கும்; சீயக்காய் அப்படித் திரியாது. கண்ணில் பட்டால் மட்டும் எரிச்சல் தாங்காது.

அரப்பு உசிலை மரத்தின் இலைப்பொடி. உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த மரம். மோரிலோ சோறு வடித்த கஞ்சியிலோ குழைத்தால் வழவழவென்று வரும், முடியும் மெத்தென்றிருக்கும். ஆனால் பச்சைத் துகள் போக நிறைய அலச வேண்டும். டேங்கர் தண்ணீர் வாங்குகிற வீட்டில் அது கட்டுப்படியாகாது.

நான் அம்மா கட்சி. மகளுக்கு மட்டும் அத்தை சொல்வதுபோல் அரப்புதான். சின்னத் தலை, ஒரு வாளியில் முடிந்துவிடும்.