ராத்திரியில் தானாக ஓடிய பம்பு: ஏற்காட்டு வீட்டில் ஐந்து வருடம்

இந்தப் பிரஷர் பம்பை வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஓடியது. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஷவருக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அதாவது வெறும் 0.2 பார் அழுத்தம். மார்கழியில் கீசர் போட்டுவிட்டு நின்றால் வெந்நீர் நூலாக இறங்கி, உடம்பில் படுவதற்குள் ஆறிவிடும். அதற்காகத்தான் பம்பு, தண்ணீரை அழுத்தத்தோடு பிடித்து வைக்கும் 24 லிட்டர் பிரஷர் டேங்கு, 25 லிட்டர் கீசர் எல்லாம் ஒன்றாகப் போட்டோம். அழுத்தம் காட்டும் கேஜ் 1.4 பாருக்கு இறங்கினால் பம்பு தானாக ஓடும், 2.8 வந்தால் நிற்கும்.

மூன்றாவது வருட மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, யாரும் குழாயைத் தொடாமலே பம்பு ஓடியது. கால் நிமிடம் ஓடி நின்றது, நாற்பது நிமிடம் கழித்து மறுபடி. விடியும் வரை இதே கதை. மறுநாள் வந்த பிளம்பர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பம்பு தேஞ்சு போச்சுங்கண்ணா, புதுசு மாத்திரலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 2.8 வரை ஏற்றிவிட்டுத்தானே நிற்கிறது, தேய்ந்த பம்பால் அது முடியுமா?

இங்கிலாந்தில் இருக்கும் தம்பியிடம் அன்று புலம்பியபோது அவன் சிரித்தான். அங்கே வீட்டையே சூடாக்குகிற பாய்லர் உண்டு, ஒரே தண்ணீர் மூடிய குழாய்க்குள் ரேடியேட்டர்களைச் சுற்றிச் சுற்றி வரும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும், 3 பாரைத் தாண்டினால் வால்வு திறந்து வெளியே கொட்டிவிடும். அவனுக்கும் போன குளிரில் பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. "எதையும் கழட்டாதீங்கண்ணா, வால்வை மூடிட்டு கேஜைப் பாருங்க" என்றான். இந்த ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

சரி, முதலில் கணக்குப் போட்டேன். பம்பு ஒரு தடவை நின்று மறுபடி ஓடுவதற்குள் அந்தப் பிரஷர் டேங்கிலிருந்து சுமார் 8 லிட்டர் வெளியேற வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 290 லிட்டர் வரும். அவ்வளவு தண்ணீர் சுவரிலோ தரையிலோ ஓடினால் தெரியாமல் இருக்காது, ஆனால் எங்கும் ஈரம் இல்லை. அப்படியானால் சாக்கடைக்குத்தான் நேராகப் போகிறது. ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். கிளாசெட்டில் நீலம் இறங்கியிருந்தது. அடி வாஷர் போயிருந்தது, மாற்றினேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, பம்பு இப்போது ராத்திரிக்கு ஒரு தடவை ஓடியது. அடுத்த சந்தேகம் கீசர் மேல், அதன் சேஃப்டி வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு கேனை வைத்துப் பார்த்தேன். கீசர் சூடாகும்போது மட்டும்தான் சொட்டுகிறது. 25 லிட்டர் தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி பெருகும். உள்ளே போன வழியே திரும்ப முடியாததால் அது வால்வு வழியாக வருகிறது. கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால்தான் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். (என் மனைவி இன்றுவரை அந்தக் கேனை எடுக்க விடுவதில்லை, துளசிக்கு ஊற்றுகிறாள்.)

அப்புறம்தான் தம்பி சொன்னதை ஒழுங்காகச் செய்தேன். படுக்கப் போகும்போது பம்பு சுவிட்சை அணைத்து, வீட்டுக்குள் போகும் வால்வையும் மூடிவிட்டேன். காலையில் கேஜ் 2.0. வீட்டுப் பக்கம் முழுக்க மூடியிருக்கும்போதும் இறங்குகிறது என்றால் தண்ணீர் பம்பு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற என்ஆர்வி வால்வு பிடிக்கவில்லை. கழற்றினால் சில்வர் ஓக் இலைச் சருகு ஒன்று வாயில் மாட்டியிருந்தது. குரங்கு தொட்டி மூடியைத் தள்ளிவிட்டுப் போகிற ஊரில் இதெல்லாம் ஆச்சரியமில்லை. வால்வு மூடி உட்காருகிற சீட்டும் தேய்ந்திருந்ததால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் செவ்வாய்பேட்டையில் பித்தளை என்ஆர்வி 650 ரூபாய்க்கு வாங்கி வந்து போட்டேன். கூடவே தொட்டி வாயில் ஒரு ஃபில்டரும்.

நாலாவது வருடம் வேறு மாதிரி வந்தது. குழாயை லேசாகத் திறந்தாலே பம்பு டக் டக் என்று விட்டு விட்டு ஓடும், கேஜ் முள் குதிக்கும். மூடியிருக்கும்போது அசையாமல் நிற்கும். இது ஒழுக்கு இல்லை, டேங்குக்குள் இருக்கும் ரப்பர் பையைச் சுற்றியுள்ள காற்று குறைந்துவிட்டது. தம்பி வீட்டு பாய்லரிலும் கடைசியில் இதுதான், அங்கே தண்ணீர் பெருக இடமில்லாமல் 3 பாரைத் தாண்டி வெளியே கொட்டி, ஆறியதும் கேஜ் அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. எங்கள் டேங்கின் பின்னால் பைக் டயரில் இருக்கிற அதே வால்வுதான். ஊசியை அமுக்கினால் தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம், எனக்குக் காற்றுதான் வந்தது. பம்பை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பான அளவு காட்டும். 7 பிஎஸ்ஐதான் (சுமார் 0.5 பார்) இருந்தது. பஞ்சர் கடைக்காரரிடம் கால் பம்பு இரவல் வாங்கி 18 பிஎஸ்ஐ ஏற்றினேன், பம்பு ஓடத் தொடங்கும் 20க்கு (அதே 1.4 பார்தான்) இரண்டு குறைவாக. அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

புதுப் பம்புக்கு அன்று சொன்ன விலை 14 ஆயிரம். பழையதே இன்னும் ஓடுகிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. கேஜ் கண்ணாடிக்குள் பனி கோத்து முள் சரியாகத் தெரிவதில்லை, அடுத்த தடவை சேலம் போகும்போது ஒன்று வாங்க வேண்டும்.