நெக்ரோடான்சரில் மூன்று வருடம், இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறேன்

கிரிப்ட் ஆஃப் த நெக்ரோடான்சர் என்ற கம்ப்யூட்டர் கேமை வாங்கியது மூன்று வருடத்துக்கு முந்திய மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் பாம்பனில் சும்மா கிடக்கும், என் மொபைல் கடைக்கும் ஆள் வராது (கடலுக்குப் போனால்தான் கையில் காசு, காசு இருந்தால்தான் உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றுவார்கள்). தள்ளுபடியில் கிடந்தது, வாங்கிப் போட்டேன். தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போயே விட்டது, நான் ஆட்டத்தின் முதல் பகுதியான முதல் ஜோனைத் தாண்டவில்லை.

2015இல் வந்த ஆட்டம், பழைய லேப்டாப்பிலேயே ஓடும். கட்டம் கட்டமாக ஒரு பாதாளச் சுரங்கம், எலும்புக்கூடு, வௌவால், டிராகன். நான்கு அம்புக்குறி விசை போதும். அடிக்கத் தனிப் பொத்தான் கிடையாது, எதிரி நிற்கும் பக்கம் அழுத்தினால் அதுவே அடி. வில்லங்கம் எங்கே என்றால், திரையின் அடியில் பாட்டுக்கு ஏற்றபடி ஓர் இதயம் துடிக்கும், அந்தத் துடிப்பில்தான் நாம் நகர முடியும், தவறினால் நின்ற இடத்திலேயே நிற்போம், ஆனால் எதிரிகள் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். செத்தால் ஜோனின் ஆரம்பத்திலிருந்து. சுரங்கமும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அமைவதால் வழியை மனப்பாடம் பண்ணி ஒரு பயனும் இல்லை.

முதல் பத்து நாள் எனக்குத் தாளமே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குற்றம் புளூடூத் ஹெட்செட்டில். சத்தம் துளி தாமதமாக வருகிறது, படம் பார்க்கும்போது தெரியாது, இதில் கொன்றுவிடும். தாமதத்தைச் சரிசெய்ய செட்டிங்கில் வழி இருக்கிறது, செய்தும் பார்த்தேன், என் ஹெட்செட்டில் அது நிலையாக நிற்கவில்லை. கடையில் கிடந்த நூறு ரூபாய் வயர் ஹெட்போனை மாட்டியதும் சரியாகிவிட்டது. ஊதக்காற்றில் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினாலும் இதே தொல்லை, படம் திக்கும். அந்த நேரம் மூடி வைத்துவிடுவது நல்லது.

அப்புறமும் செத்தேன், அது என் குற்றம். நின்று யோசிப்பதுதான் என்னைக் கொன்றது. முதல் ஜோனிலேயே முதல் லெவல் நிமிடத்துக்கு 115 தட்டு (இதயத் துடிப்பு), அடுத்தது 130, மூன்றாவது 140. அரை நொடிக்குள் என்னத்தை யோசிப்பது? சின்ன வயதில் சித்தப்பாவோடு கரைவலை இழுக்கப் போவேன். ஏலேலோ போட்டு எல்லோரும் சேர்ந்து பின்னால் எட்டு வைக்கும்போது இப்போது எந்தக் கால் என்று யோசித்தால் முடிந்தது, கயிறு உள்ளங்கையை உரித்துவிடும். இதுவும் அந்த ரகம்தான்.

அதனால் எதிரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பச்சைச் சளிப்பந்து இருந்த இடத்தைவிட்டு அசையாது. நீலம் மேலும் கீழும் மட்டும் குதிக்கும். வெள்ளை எலும்புக்கூடு ஒரு தட்டு விட்டு ஒரு தட்டில்தான் எட்டு வைக்கும், வைப்பதற்கு முந்தின தட்டில் இரண்டு கையையும் தூக்கும். கை தூக்கியதா, ஒரு கட்டம் பின்னால் போ, அது வந்து பக்கத்தில் நிற்கும், அடி. இந்த ஒன்று கைக்குப் பழகவே எனக்கு ஒரு வாரம். பழகிய பிறகு மூன்று எலும்புக்கூடு சேர்ந்து வந்தாலும் கை தானாகப் போகிறது. வௌவாலுக்கு மட்டும் ஒரு கணக்கும் கிடையாது, சனியன், இன்றைக்கும் அதனிடம் சாகிறேன்.

டேனி பரனோவ்ஸ்கியின் இசை மூன்று வருடமாகியும் சலிக்கவில்லை. ஆட்டத்துக்குள் பொருள் விற்கும் கடைக்காரர் பாட்டோடு சேர்ந்து பாடுவார், குரல் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் கடை இருக்கும். மூன்றாவது ஜோனில் நெருப்புப் பக்கம், பனிப் பக்கம் என்று இரண்டு, கோட்டைத் தாண்டினால் அதே பாட்டு வேறு வாத்தியத்துக்கு மாறும். டீப் புளூஸ் என்று ஒரு பாஸ் (ஜோனின் கடைசியில் வரும் பெரிய சண்டை), எதிரிகள் செஸ் காய்கள், செஸ் விதிப்படியே நகரும். முதல் தடவை பார்த்துச் சிரித்துக்கொண்டே செத்தேன். நம் பாட்டையும் போட்டு ஆடலாம் என்றதும் ஊர்த் திருவிழாவில் எடுத்த கொட்டு மேளத்தைப் போட்டேன். நடுவில் மேளக்காரர் வேகத்தை ஏற்றும் இடத்தில் தட்டு எங்கே என்று ஆட்டத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எரிச்சல் ஒன்று உண்டு. உள்ளே பொறுக்கும் வைரத்தை வெளியே வந்ததும் செலவழிக்க வேண்டும், சேர்த்து வைக்க முடியாது, அடுத்த ஆட்டம் தொடங்கினால் போச்சு. ஒரு வைரம் குறைவாக இருந்து மொத்தமும் போன நாள் எத்தனையோ. ஏரியா என்கிற பாட்டி பாத்திரத்தை நான் விட்டுவிட்டேன். அரை இதயம்தான் உயிர், ஒரு தட்டு தப்பினாலே போய்விடும், போதாததற்கு நான்காவது ஜோனிலிருந்து தலைகீழாக வர வேண்டும். அதை முடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

தாளமே வேண்டாம் என்பவர்களுக்கு பார்ட் என்ற பாத்திரம் இருக்கிறது, நாம் நகர்ந்தால்தான் எதிரியும் நகரும். ஆறாவது படிக்கும் அக்கா மகளுக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு, இவன் ஏன் மாமா சும்மா நிக்கிறான்?" என்று கேட்டு அவளே முக்கியப் பாத்திரமான கேடன்ஸுக்கு மாற்றிக்கொண்டாள். நேற்று மூன்றாவது லெவல் வரை போய்விட்டு வௌவாலிடம் செத்தாள்.