புது விண்டோஸ், பழைய தராசு: போடி ஏலக்காய்க் கடையில் இரண்டு சீசன் அனுபவம்

ஒரு கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்ப்பது சில நிமிட வேலை. மைக்ரோசாஃப்டே பிசி ஹெல்த் செக் என்று ஒரு சின்ன ப்ரோகிராம் தருகிறது. ஓட்டினால் ஏற்கும், ஏற்காது என்று சொல்லிவிடும். அந்தக் கம்ப்யூட்டரின் பின்னால் தொங்கும் ஒயர்களின் மறுமுனையில் இருப்பவை ஏற்குமா என்பதை மட்டும் அது சொல்லாது. வியாபாரக் கடையில் வேலை நடப்பது அந்த மறுமுனையில்தான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடை ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. கடை போடியில் இருந்தாலும் சரக்கு வருவது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து. பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு எல்லாம் ஏலக்காய்த் தோட்டங்கள்; தோட்டக்காரர்களில் நம் தேனிப் பக்கத்து ஆட்களும் நிறைய உண்டு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடக்கிறது. ஜீப்பில் மூட்டை வந்து இறங்கினால் எடை போட வேண்டும், சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டு கையில் வராமல் தோட்டக்காரர் நகர மாட்டார். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டியவர் அவர். "கம்ப்யூட்டர் பிரச்சனை, நாளைக்கு வாங்க" என்று அவரிடம் சொல்ல முடியாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியும் என்பது முன்பே தெரிந்த தேதி. அக்டோபரில் எங்களுக்குக் காய் வரத்து மும்முரமாக இருக்கும். அதனால் 2024 கோடையிலேயே, வரத்து ஓய்ந்திருந்தபோது மாற்றிவிட்டோம். முதலாளி முதலில் தயங்கினார். "ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குத் தம்பி தொடணும்?" என்றார். சீசன் நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று சொன்னதும் சம்மதித்தார். யாருக்கும் இதைத்தான் சொல்வேன்: உங்கள் தொழிலில் எந்த மாதம் ஓய்வோ, அந்த மாதத்தில் மாற்றுங்கள்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர். பில் மேஜையில் இன்டெல் 10-ம் தலைமுறை ஐ3, மேனேஜர் அறையில் 8-ம் தலைமுறை ஐ5, குடோனில் 4-ம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறையோ அதற்கு மேலோ, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, யூஇஎஃப்ஐ என்ற புது தொடக்க முறை, 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க். மேனேஜர் அறை மெஷினில் டிபிஎம் இல்லை என்று காட்டியது. உண்மையில் அது உள்ளேதான் இருந்தது. பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங் திரையில், பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்தது. ஏஎம்டி போர்டு என்றால் எஃப்டிபிஎம் என்று தேட வேண்டும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்ததை விண்டோஸுடனே வரும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளை, ஃபைல்களை அழிக்காமல், யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு மாற்றித் தந்தது. பேக்கப் இல்லாமல் அந்தக் கட்டளையைத் தொட வேண்டாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸில் கை வைக்கும் முன் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கக்கூடும்.

இதுவரை சுலபம். இனித்தான் ஒயர்களின் மறுமுனை.

எங்கள் எலக்ட்ரானிக் தராசு பழையது, ஆனால் துல்லியமானது. வருஷா வருஷம் முத்திரை வைத்து வாங்குகிறோம். கம்ப்யூட்டரோடு அது பேசுவது ஆர்எஸ்-232 சீரியல் வழியாக: வேகம் 9600, எட்டு பிட், பேரிட்டி கிடையாது, ஒரு ஸ்டாப் பிட். இந்த முறை மாறாமல் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, விண்டோஸ் 11-லும் இருக்கிறது. சிக்கல் நடுவில் இருந்தது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் ஒன்பது முள் சீரியல் போர்ட் அரிது. யூஎஸ்பி-சீரியல் ஒயர் போடுகிறோம். அந்த ஒயரின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது, அந்தச் சிப்பைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க ட்ரைவர் என்ற சின்ன ப்ரோகிராம் வேண்டும். எங்கள் ஒயரில் இருந்த சிப்பைத் தயாரித்த கம்பெனியே தன் புது ட்ரைவரில் அதைக் கைவிட்டிருந்தது. கருவிகளைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில், கோளாறு என்று காட்டும் மஞ்சள் முக்கோணம். தராசு நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது, எடை மட்டும் திரைக்கு வரவில்லை.

பழைய ட்ரைவர் பதிப்பைக் கையால் தேர்ந்தெடுத்துப் போட்டால் வேலை செய்யும். போட்டோம், செய்தது. கொஞ்ச நாளில் விண்டோஸ் அப்டேட் புது ட்ரைவரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. சீசன் கடைக்கு இது ஒத்துவராது என்று எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் சிப் உள்ள ஒயர் வாங்கினோம். அன்றிலிருந்து இரண்டு சீசனாகத் தராசு விஷயத்தில் மஞ்சள் முக்கோணம் கிடையாது. நல்ல ஒயரின் இன்னொரு பலனை வாங்கிய பிறகே பார்த்தேன். சிப்புக்குள் தனி சீரியல் எண் இருப்பதால் எந்த யூஎஸ்பி துளையில் செருகினாலும் அதே காம் போர்ட் எண் (விண்டோஸ் அந்த ஒயருக்கு வைக்கும் பெயர்) வருகிறது. சிப்புக்குள் சீரியல் எண் இல்லாத மலிவு ஒயர்களைத் துளை மாற்றிச் செருகினால் காம்3 காம்7 ஆகிவிடும், பில் ப்ரோகிராம் தராசைக் காணாது.

ஒயர் வாங்குமுன் உள்ளே என்ன சிப் என்று பெட்டியில் போட்டிருக்காது. கடையிலேயே லேப்டாப்பில் செருகி, டிவைஸ் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். அதில் விஐடி (தயாரிப்பாளர் எண்) 0403 என்றால் எஃப்டிடிஐ. 1ஏ86 என்றால் சிஎச்340 வகை. மலிவானது, அதற்கும் விண்டோஸ் 11-ல் ட்ரைவர் இருக்கிறது. தராசு பேசுகிறதா என்று பார்க்க பில் ப்ரோகிராமை நம்பாதீர்கள். புட்டி என்ற இலவச ப்ரோகிராமில் அந்தக் காம் போர்ட்டை 9600-ல் திறந்தால் எடை எண்கள் ஓடிவர வேண்டும். வந்தால் பிரச்சனை ப்ரோகிராமில், வராவிட்டால் ஒயரில் அல்லது தராசில்.

யூஎஸ்பி ஒயரே மேல் என்று சொல்ல எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசியில் மலையோரம் இடி இடிக்கும்போது நீள ஒயர் வழியாக மின்தாக்கு வந்து போர்ட்டைக் கருக்கிவிடும். மதர்போர்டின் சொந்த சீரியல் போர்ட் போனால் போர்டுக்கே செலவு. யூஎஸ்பி ஒயர் என்றால் சில சமயம் ஒயரோடு போய்விடும், ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை.

டாட் மேட்ரிக்ஸ் ப்ரிண்டர் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம் இருந்தது. தொந்தரவே தராமல் தேறியது அதுதான். மூன்று பிரதி கார்பன் தாளில் ஒரே அடியில் சீட்டு விழ வேண்டும் என்பதால் இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறோம். அதற்குத் தெரிந்தது இஎஸ்சி/பி என்ற பழைய பொதுக் கட்டளை மொழி. விண்டோஸ் 11-லேயே இருக்கும் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி ட்ரைவரோடு, தனி ட்ரைவர் சிடி எதுவும் இல்லாமல் அடிக்கிறது. பேரலல் போர்ட்டிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் ஒயரும் விண்டோஸின் சொந்த ப்ரிண்டர் வசதியிலேயே ஓடுகிறது. ஒரே குறை: இந்த முறையில் தமிழ் எழுத்து வராது. தோட்டக்காரர் பெயரைத் தமிழில் அச்சிட கிராஃபிக்ஸ் முறைக்குப் போக வேண்டும், அதில் வேகம் சரிந்துவிடும். சீட்டில் பெயரை இங்கிலீஷில் வைத்துக்கொண்டு, மாதக் கணக்குத் தாளை மட்டும் தமிழில் லேசரில் எடுக்கிறோம்.

அதே கடையில் லேசர் ப்ரிண்டரின் கதை நேர் எதிர். டாட் மேட்ரிக்ஸை விட அது வயதில் பல வருஷம் இளையது. ஆனால் அது சொந்த மூளை இல்லாத வகை. பக்கத்தைப் படமாக்கும் வேலை முழுக்கக் கம்ப்யூட்டர் செய்து அனுப்ப வேண்டும், அதற்குத் தயாரிப்பாளரின் ட்ரைவர் வேண்டும். அவர்கள் புது விண்டோஸுக்கு அதைத் தரவில்லை. பழையதைப் போட்டால் ஒரு நாள் அடிக்கும், மறுநாள் வரிசையில் நிற்கும். இங்கே நான் கண்டது இந்த அனுபவம் முழுவதுக்கும் பொருந்துகிறது: ஒரு கருவி மாற்றத்தைத் தாங்குமா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த பொது முறையில் பேசும் கருவி தாங்குகிறது. தன் கம்பெனி ட்ரைவர் வழியாக மட்டுமே பேசும் கருவி, அந்தக் கம்பெனி கைவிடும் நாளில் நின்றுவிடுகிறது. மைக்ரோசாஃப்டும் 2023 செப்டம்பரில், மற்ற கம்பெனிகளின் ப்ரிண்டர் ட்ரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புது லேசர் வாங்கியபோது பொது முறையில் அச்சடிக்கும் என்பதற்கான மோப்ரியா சான்று உண்டா, பிசிஎல் என்ற பொது ப்ரிண்டர் மொழி உண்டா என்ற இரண்டு கேள்வியைத்தான் கேட்டோம். ப்ரிண்டரை நெட்வொர்க்கில் செருகினோம், விண்டோஸ் தானே கண்டுபிடித்தது. ட்ரைவர் இறக்கவே இல்லை.

பழைய கணக்கு ஒன்றும் இருந்தது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ பில் ப்ரோகிராம். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸில் டாஸ் ப்ரோகிராம்கள் நேரடியாக ஓடாது. வீடாஸ் என்ற ப்ரோகிராமுக்குள் அதைத் திறந்து பார்க்கிறோம். பழைய பாக்கி பார்க்க அது போதும்.

குடோன் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். 4-ம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏற்காது. சோதனையை ஏமாற்றி ஏற்றும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்கிறது. பணம் புழங்கும் கடையில் அதை நான் செய்யவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் போட்டோம். குடோனில் சரக்குப் பதிவு செய்யும் பெண் சாந்தன்பாறைப் பக்கம் கேரளப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். கேரளப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான் சொல்லித் தருகிறார்கள். கேரள அரசின் கைட் அமைப்பு, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பு வைத்திருக்கிறது. மிண்ட் திரையைப் பார்த்ததும், "அண்ணே, இது எங்க ஸ்கூல்ல பாத்த மாதிரிதான இருக்கு" என்று உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கஷ்டம் என்று சொல்பவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

மிண்டில் நடந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. விண்டோஸில் ஒதுக்கிய அந்தப் பழைய சீரியல் ஒயர் இங்கே செருகியதும் வேலை செய்தது. ட்ரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்த்தது ஒன்றுதான் செய்ய வேண்டியிருந்தது. 64-பிட் ட்ரைவர் இல்லாமல் அட்டைப்பெட்டியில் கிடந்த ஸ்கேனரும் சேன் என்ற பொது ஸ்கேனர் அமைப்பு வழியாக உயிர் பெற்றது. தோட்டக்காரர்களின் பட்டா நகல், பேங்க் பாஸ்புக் எல்லாம் இப்போது அதில்தான் ஸ்கேன் ஆகிறது. எல்லா ஸ்கேனருக்கும் இது நடக்காது. சேன் இணையதளத்தில் மாடல் வாரியான பட்டியல் இருக்கிறது, தூக்கிப் போடும் முன் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி) மட்டும் மேனேஜரின் விண்டோஸ் மெஷினிலேயே வைத்திருக்கிறோம். ஆடிட்டர் சொல்லும் ப்ரோகிராம்கள் விண்டோஸை எதிர்பார்க்கின்றன.

மாற்றிய வாரத்தில் எல்லாம் ஓடியது என்பது பெரிதில்லை. மாதங்கள் போன பிறகு வந்தவற்றைச் சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் தராசு எடை திரையில் வராது. ஒயரைப் பிடுங்கிச் செருகினால் வரும். காரணம், சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் தூங்க வைத்துவிடுகிறது. பவர் பிளானில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தி, யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கையும் எடுத்ததும் தீர்ந்தது. இன்னொன்று, இரவு ஷட் டவுன் செய்து காலையில் போட்டும் ப்ரிண்டர் சிக்கல் அப்படியே இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது. ட்ரைவர்கள் பழைய நிலையிலேயே எழுந்து வரும். அதையும் நிறுத்திவிட்டோம்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 என்ற பெரிய அப்டேட்டை சீசன் ஓய்ந்த பிறகே ஏற்றினோம். அதோடு மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியையும் ஆன் செய்யப் போனபோது, பொருந்தாத ட்ரைவர் இருக்கிறது என்று நின்றது. பட்டியலில் இருந்தது எப்போதோ கழற்றிய பழைய கருவி ஒன்றின் ட்ரைவர். கருவி போனாலும் ட்ரைவர் போவதில்லை. ட்ரைவர்களைக் கையாளும் பிஎன்பியூட்டில் கட்டளையால் அதை நீக்கியதும் பாதுகாப்பு வசதி ஆன் ஆனது. அதே கட்டளையின் எக்ஸ்போர்ட் வசதியால் இருக்கும் எல்லா ட்ரைவர்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கலாம். விண்டோஸ் 10-ல் இன்னும் இருப்பவர்கள் மாற்றும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பில் மேஜை மெஷின் ப்ரோ பதிப்பு என்பதால் அதில் உள்ள குரூப் பாலிசி என்ற செட்டிங் பகுதியில், அப்டேட்டோடு ட்ரைவர் வேண்டாம் என்று தேர்வு செய்திருக்கிறோம். பாதுகாப்பு அப்டேட்டுகள் வழக்கம்போல் வருகின்றன.

செலவு என்று பார்த்தால் ஒரு சீரியல் ஒயரும் ஒரு லேசர் ப்ரிண்டரும்தான். கம்ப்யூட்டர் எதையும் மாற்றவில்லை. மேனேஜர் அறை மெஷின் 8-ம் தலைமுறை என்பதால் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது முதலில் தேறாமல் போவது அதுவாக இருக்கலாம். அப்போது மிண்ட் போட முடியுமா என்பது டோக்கன் ப்ரோகிராமைப் பொறுத்தது. இப்போதே அந்த டோக்கனின் லினக்ஸ் பதிப்பைக் குடோன் மெஷினில் சோதித்து வருகிறோம்.