எஸ்கேப், ஃப்லீ, எவேட், எலூட்: எங்கே எது பொருந்தும்?

தப்பிப்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் எஸ்கேப்பைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். "வேலை என்றதும் ஆள் எஸ்கேப்" என்று சொன்னால் புரியாதவர் இல்லை. சிக்கல் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் வரும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுவானேன் என்று இணைச்சொல் அகராதியைத் திறப்போம். அங்கே ஃப்லீ, எவேட், எலூட், அவாய்ட், அப்ஸ்காண்ட் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே விலைக்கு விற்பதுபோல நிற்கும். கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும். இணைச்சொல் பட்டியல் நினைவூட்டத்தான் உதவும். தேர்ந்தெடுக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்து இந்தக் கூட்டத்தைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: சொல்ல வருவது முடிவையா, முயற்சியையா? எஸ்கேப் முடிவைச் சொல்கிறது. பிடியிலிருந்து விடுபட்டாயிற்று என்று பொருள். ஃப்லீ ஓட்டத்தை மட்டும் சொல்கிறது. ஓடியவர் பிழைத்தாரா, பிடிபட்டாரா என்று அது சொல்லாது. அதனால்தான் "ஹி ஃப்லெட், பட் டிட் நாட் எஸ்கேப்" என்று எழுத முடிகிறது: ஓடினான், ஆனால் தப்பவில்லை. போருக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போகும் மக்களைப் பற்றிய செய்திகளில் ஃப்லீ அதிகம் வருவதும் இதனால்தான். அச்சமும் அவசரமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்கேப்புக்கு அவசரம் தேவையில்லை. மாதக்கணக்கில் திட்டம் போட்டும் எஸ்கேப் ஆகலாம்.

அதற்கு அல்கட்ராஸ் சிறையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு தீவில் இருந்த சிறை அது. 1962 ஜூனில் ஃபிராங்க் மோரிஸ், ஜான் ஆங்லின், கிளாரன்ஸ் ஆங்லின் என்ற மூன்று கைதிகள் அங்கிருந்து வெளியேறினார்கள். படுக்கையில் முடி ஒட்டிய போலித் தலைகளை வைத்துவிட்டு, மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த மிதவையில் கடலில் இறங்கினார்கள். அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. எஃப்பிஐ 1979இல் தன் விசாரணையை மூடிவிட்டது.

இப்போது சொற்களை வைத்துப் பார்ப்போம். அவர்கள் "எஸ்கேப்ட் ஃப்ரம் அல்கட்ராஸ்" என்பதில் சந்தேகமே இல்லை. சிறைக்கு வெளியே வந்துவிட்டார்கள். "எஸ்கேப்ட் டெத்" என்று எழுத முடியுமா? முடியாது. கடலிலேயே மூழ்கியிருக்கலாம். "எவேடட் கேப்சர்" என்று எழுதலாமா? உயிரோடு கரை சேர்ந்திருந்தால்தான் அது சரி. ஏனென்றால் தேடுகிறவர் கையில் சிக்காமல் ஒருவர் போக்குக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் எவேட். ஒரே நிகழ்ச்சி, மூன்று வாக்கியங்கள். அவற்றில் ஒன்றுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

இதிலேயே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. எஸ்கேப்புக்குப் பின்னால் ஃப்ரம் வந்தால், ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தவர் வெளியே வந்தார் என்று பொருள். ஃப்ரம் இல்லாமல் "எஸ்கேப்ட் பனிஷ்மென்ட்" என்றால் தண்டனை அவரைத் தொடவே இல்லை. பேச்சில் இந்த எல்லை சில சமயம் கலங்கும். ஆனாலும் எழுத்தில் கடைப்பிடித்தால் குழப்பம் வராது.

எவேடையும் அவாய்டையும் மாற்றிப் போடுவது இந்தக் கூட்டத்திலேயே பெரிய ஆபத்து. அவாய்ட் என்பது தவிர்ப்பது. நெரிசலைத் தவிர்க்க வேறு வழியில் போவது அவாய்ட். அதில் குற்றம் எதுவும் இல்லை. எவேட் என்றால் செய்ய வேண்டிய ஒன்றிலிருந்து தந்திரமாக நழுவுவது. நேராகக் கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பேசுவது எவேட். வரி விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. சட்டம் தரும் கழிவுகளைப் பயன்படுத்தி வரியைக் குறைத்தால் டாக்ஸ் அவாய்டன்ஸ், வருமானத்தையே மறைத்தால் டாக்ஸ் எவேஷன். பின்னது குற்றம். தமிழில் வரி தவிர்ப்பு, வரி ஏய்ப்பு என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஏன் கோட்டை விட வேண்டும்? அவாய்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் எவேட் என்று எழுதினால், நேர்மையாக நடந்த ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

எலூட் கொஞ்சம் நாசூக்கான சொல். எவேட் போலவே இதுவும் பிடிகொடுக்காமல் போவதுதான். ஆனால் தூக்கம், வெற்றி, ஒரு கவிதையின் பொருள் என்று, துரத்தியும் கைக்கு எட்டாதவற்றுக்கு இதுதான் பொருத்தம். எஸ்கேப்பும் இதன் பக்கத்தில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. "ஹிஸ் நேம் எஸ்கேப்ஸ் மீ" என்றால் பெயர் தெரியும், இந்த நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லை என்று பொருள். பெயர் என்னிடமிருந்து நழுவிவிட்டது என்று படித்தால் சட்டென்று பிடிபடும்.

அப்ஸ்காண்டைப் பொழுதுபோக்குக்கு எடுத்துக் கையாளாதீர்கள். கள்ளத்தனமாக மறைந்து போவது அது. பெரும்பாலும் கைதுக்கோ வழக்குக்கோ பயந்து, அல்லது பிறர் பணத்தோடு. ஜாமீனில் வந்து தலைமறைவானவருக்குச் சரி. கூட்டத்திலிருந்து பாதியில் கிளம்பியவருக்குப் போட்டால் அபாண்டம்.

இயற்பியலில் எஸ்கேப்புக்கு மாற்றே கிடையாது. பூமியின் எஸ்கேப் வெலாசிட்டி, அதாவது விடுபடு வேகம், நொடிக்குச் சுமார் 11.2 கிலோமீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த வேகத்தில் மேலே எறிந்த பொருள் திரும்பி விழாது. இங்கேயும் பேச்சு முடிவைப் பற்றியதுதான். அதே போல குழாயிலிருந்து வாயு கசிந்தால் எஸ்கேப் என்று எழுதலாம், ஃப்லீ என்று எழுத முடியாது. வாயுவுக்கு ஏது பயம்?

நம்மவர்களுக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். "அவன் எஸ்கேப் ஆயிட்டான்" என்று பேசிப் பழகியதால், ஆங்கிலத்திலும் "ஹி இஸ் எஸ்கேப்", "ஹி வாஸ் எஸ்கேப்ட்" என்று எழுதிவிடுகிறோம். "ஹி எஸ்கேப்ட்" போதும். அடுத்தது, "எக்ஸ்கேப்" என்ற உச்சரிப்பு. சொல்லின் லத்தீன் வேரில் 'எக்ஸ்' இருந்தது உண்மை: வெளியே என்பதற்கு எக்ஸ், மேலங்கிக்கு காப்பா. பிடித்தவர் கையில் அங்கியை மட்டும் விட்டுவிட்டு ஆள் நழுவுவது என்பது பொருள். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்த எக்ஸ் இல்லை.

பேச்சு ஆங்கிலத்துக்குக் கெட் அவே போதும், எஸ்கேப்பைவிட இயல்பாகவே இருக்கும். ஆனால் பின்னால் வித் சேர்ந்தால் கதை வேறு. "திருடன் காட் அவே" என்றால் ஓடித் தப்பினான். "காட் அவே வித் இட்" என்றால் செய்த தப்புக்குத் தண்டனை இல்லாமலே போனான். ஓட வேண்டிய அவசியமே அவனுக்கு வந்திருக்காது.