தாய்மார்களுக்கான சிலிக்கோன் கிரீமும் கூந்தல் சீரமும்: ஒரு மதிப்புரை

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் என்று ஒரே பெட்டியில் விற்கப்படும் இந்த இரண்டு பொருட்களில் ஒன்று உடலுக்குப் பூசும் கிரீம், மற்றொன்று கூந்தலுக்கான சீரம். சிலிக்கோன் என்ற பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்டியின் மேலுள்ள தாய்–சேய் படத்தை நம்பி, பின்பக்கத்தைப் படிக்காமலே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கிரீமில் இருப்பதும் சீரத்தில் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும் அவற்றின் இயல்பு வேறு வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியாகவே எடைபோட வேண்டியிருக்கிறது.

கிரீமின் சேர்பொருள் பட்டியலில் தண்ணீர், கிளிசரினுக்கு அடுத்த இடத்தில் இருப்பது டைமெத்திக்கோன் என்ற சிலிக்கோன். இது நீண்ட சங்கிலி வடிவிலான மூலக்கூறு. 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைக் குறிக்கும் அலகு) மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் நலமான தோலைக் கடப்பது அரிது என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு; கிரீம்களில் பயன்படும் டைமெத்திக்கோனோ பெரும்பாலும் ஆயிரக்கணக்கான டால்டன் எடை கொண்டது. தோலின் மேற்பரப்பிலேயே தங்கி ஈரம் வெளியேறாமல் தடுப்பதுதான் அதன் வேலை என்பதால், கருவை எட்டும் அளவுக்கு அது இரத்தத்தில் கலப்பதற்கு வழியில்லை. அமெரிக்காவில் 1 முதல் 30 சதவீதம் வரையிலான அளவில் இது தோல் பாதுகாப்பு மருந்தாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. வாயு உப்பிசத்தால் அழும் குழந்தைக்குக் கொடுக்கும் சிமெத்திக்கோன் சொட்டு மருந்து, இதே டைமெத்திக்கோனுடன் சிலிக்கா சேர்த்துச் செய்யப்படுவதுதான். அது குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. குழந்தையின் வாய்க்குள் மருந்தாகச் செல்லும் ஒன்றைத் தாயின் வயிற்றில் பூசுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கணிப்பு.

பயன்பாட்டிலும் கிரீம் ஏமாற்றவில்லை. இழுபட்டு வறண்ட வயிற்றுத் தோலில் பிசுபிசுப்பின்றிப் படிகிறது, உடையில் ஒட்டுவதில்லை, உராய்வால் வரும் எரிச்சலும் குறைகிறது. ஆனால் வயிற்றுக் கோடுகள் விழாமல் தடுக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்; மேலே பூசும் எந்தக் கிரீமும் அதைச் செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கர்ப்பத்தின் பிற்பகுதியில் தடிப்பு எதுவுமின்றி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடும் அரிப்பு எடுத்தால், கல்லீரலில் பித்தநீர் தேங்குவது அதற்குக் காரணமாக இருக்கலாம், அதற்குக் கிரீம் அல்ல, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பதே வழி.

பாலூட்டும் காலத்தில் இந்தக் கிரீமை மார்பில், குறிப்பாக முலைக்காம்பைச் சுற்றி, பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் காரணம் சிலிக்கோன் அன்று. தோல் வழுக்குவதால் குழந்தை சரியாகக் கவ்விப் பிடிக்க முடியாமல் போகிறது. மேலும், பட்டியலின் கடைசியில் வெறுமனே ‘வாசனை’ என்று மட்டும் குறிப்பிட்டிருப்பது எந்தெந்தப் பொருட்களின் கலவை என்பதை அறிய வழியில்லை. தாய்மார்களுக்கென்றே செய்த கிரீமில் வாசனை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

சீரத்தைப் பற்றி இவ்வளவு நிம்மதியாக எழுத முடியவில்லை. இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டால் முதலில் எண்ணெய்போல் பரவுகிறது. பிறகு துடைக்காமலே அதன் பெரும்பகுதி மறைந்து, மெல்லிய வழவழப்பு மட்டும் மிஞ்சுகிறது. மறைந்த பகுதிதான் பட்டியலில் முதலிடத்தில் உள்ள சைக்ளோபென்டாசிலாக்ஸேன், அதாவது டி5 எனப்படும் வளைய வடிவச் சிலிக்கோன். தோல் வழியாக அது உட்செல்லும் அளவு மிகச் சொற்பம். ஆவியாகிக் காற்றில் கலப்பதால் மூச்சு வழியையே கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, அழகுசாதனப் பொருட்களில் வழக்கமாகச் சேர்க்கப்படும் அளவுகளில் டி5 பாதுகாப்பானது என்று கூறியபோதும், முடியை அமைக்கப் பீச்சும் ஏரோசால்களுக்கும் வெயில் தடுப்பு ஸ்பிரேக்களுக்கும் அந்த உறுதியைத் தரவில்லை. இந்தச் சீரம் ஸ்பிரே அன்று. கையில் ஊற்றித் தடவுவது. ஆகவே, காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல், சிறிதளவு தடவிக்கொள்வதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

என் தயக்கம் டி5 பற்றியதைவிட அதன் நெருங்கிய உறவான டி4 பற்றியது. டி4 ஆவியை மிக அதிக அளவில் சுவாசித்த எலிகள் ஈன்ற குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. அதன் அடிப்படையில் அது கருவுறும் திறனைப் பாதிக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பொருளாக ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, 2019இல் அழகுசாதனங்களில் சேர்ப்பதற்கும் தடை விதிக்கப்பட்டது. எலிகளுக்குக் கொடுத்த அளவு கூந்தல் சீரத்தில் கிடைக்கும் அளவோடு ஒப்பிடவே முடியாதது என்றாலும், டி5 தயாரிப்பில் டி4 கசடாக எஞ்சக்கூடும் என்பதால், எஞ்சிய அளவைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. நீர்நிலைகளில் சிதையாமல் தேங்குகின்றன என்பதால், கழுவிவிடும் பொருட்களில் டி4, டி5 ஆகியவற்றை 2020 முதல் 0.1 சதவீதத்துக்குள் அடக்கிய ஐரோப்பிய ஒன்றியம், தோலிலும் முடியிலும் விட்டுவைக்கும் பொருட்களுக்கும் 2027 முதல் அந்த வரம்பை விரிக்கிறது. டி5 இல்லாத சீரங்கள் கிடைக்கும்போது இதற்காக மெனக்கெடத் தேவையில்லை.

பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தபோதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. கிரீமுடன் சேர்த்துப் பயன்படுத்துமாறு அதே நிறுவனத்தின் இரவு நேர முகச் சீரத்தை அது பரிந்துரைக்கிறது. அந்தச் சீரத்தில் இருப்பதோ வைட்டமின் ஏயின் ஒரு வடிவமான ரெட்டினால். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரைகள் கருவில் பிறவிக் குறைபாடுகளை உண்டாக்குவது உறுதியாகத் தெரிந்த செய்தி. அதனால் மேலே பூசும் ரெட்டினாலையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கும்படியே மருத்துவர்கள் சொல்கிறார்கள். இத்தகைய முகச் சீரங்கள் பலவற்றிலும் சிலிக்கோனே அடித்தளமாக இருப்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

கிரீமுக்கு ஐந்தில் நான்கு. வாசனையற்ற வடிவம் வந்தால் மீதி ஒன்றையும் கொடுப்பேன். கூந்தல் சீரத்துக்கு ஐந்தில் இரண்டு. இரண்டையும் பிரித்து விற்கத் தொடங்கினால் கிரீமை மட்டும் மீண்டும் வாங்குவேன்.