சூடை மீனா, சத்து மாவா, மாத்திரையா?

போன வருஷம் மதுரையிலிருந்து வந்த மதினி ஒரு டப்பா சத்து மாவைக் கையில் திணித்தார். "மூஞ்சி வாடிப்போய்க் கெடக்கே, இதக் காலையில கரைச்சுக் குடி." அந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்குச் சூடை மீன் வாங்கிவிடலாமே என்று மாமியார் அடுப்படியில் முணுமுணுத்தார். இரும்புச் சத்து மாத்திரைதான் வேணும் என்றார் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. எனக்கு அப்போது 47 வயது. மதியம் இரண்டு மணிக்கு மேல் உடம்பு தரையில் இழுக்கும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். மூவர் சொன்னதையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைத்ததே முதல் தப்பு.

முதலில் டப்பா. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 100 கிராம் மாவில் 32 கிராம் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குத் தெம்பு வந்தது உண்மைதான், அது சர்க்கரைத் தெம்பு. பதினோரு மணிக்கெல்லாம் பசி பிடுங்கியது. பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கூழ் இருந்தது. முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்த மாவு, மோர், சின்ன வெங்காயம், கூடவே சுட்ட முண்டு மிளகாய். வயிறு மதியம் வரை தாங்கும், சர்க்கரை கிடையாது. ஆனால் கூழைப் பற்றியும் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுகிறோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்). ஒரு சொம்புக் கூழில் போவது 40 கிராம் மாவு, அதில் 145 மில்லிகிராம்தான் வரும். ஒரு நாளைக்கு வேண்டியது 1,000, மாதவிடாய் நின்ற பிறகு 1,200. மிச்சம் பால், தயிர், முள்ளோடு தின்னும் மீன் இவற்றிலிருந்து வரவேண்டும். டப்பாவைவிடக் கூழ் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கூழ் மட்டும் போதாது என்பதிலும் இல்லை.

மாமியாரின் கட்சி மீன். மண்டபம், பாம்பன் பக்கம் சூடையும் பேச்சாளையும் ஏழை வீட்டு மீன். வாவலும் சீலாவும் வாங்க வழியில்லாதவர்கள் வாங்குவது என்று ஒரு எண்ணம். நடுவயதுக்காரிக்கு வேண்டிய பல சத்து இந்த மலிவு மீனில்தான் இருக்கிறது. கொழுப்பு மீன் என்பதால் ஒமேகா-3 உண்டு, உணவில் அரிதாகக் கிடைக்கும் வைட்டமின் டி உண்டு, பி12 உண்டு. புளி ஊற்றிச் சுண்டவைத்தால் முள் மெத்தென்று ஆகிவிடும், மென்று விழுங்கினால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. மீனையும் கீரையையும் ஒரே இலையில் வைக்கக் கூடாது என்று எங்கள் அப்பத்தா கண்டிப்பாகச் சொல்வார். ரத்தம் ஊறுகிற கணக்கில் பார்த்தால் அந்தக் கூட்டுத்தான் சரி. கீரையில் உள்ள இரும்பை உடம்பு தனியாக உறிஞ்சத் தயங்கும், மீனும் கூடச் சேர்ந்தால் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தாலும் அப்படியே.

கருவாடு? ருசி விஷயத்தில் எனக்கு அதுதான் முதலிடம். ஆனால் 45-க்கு மேல் ரத்த அழுத்தம் எட்டிப்பார்க்கிற வயதில் உப்பைக் கவனிக்கத்தான் வேண்டும். ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றி, வாரத்துக்கு ஒரு நாள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, கிடைக்கிற மீனும் விலை ஏறிவிடும். அப்போது முட்டையும் நிலக்கடலையும் எங்களைத் தாங்குகின்றன.

இனி மாத்திரை. இதில் நான் மாமியாருக்கும் மதினிக்கும் எதிர்க்கட்சி. சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, ஆண்களுக்கு 13. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய வருஷங்களில் உதிரப்போக்கு கூடுவது உண்டு, அப்படிப் போனதைக் கீரை தின்று மீட்டுவிட முடியாது. நூறு கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு ஐந்து மில்லிகிராமைக்கூட எட்டாது, அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்களுக்குச் சொல்லும் ஒரு நாள் அளவு 29 மில்லிகிராம். அரசு தரும் சின்ன மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம், காசு கிடையாது. மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு பிரட்டும். அதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் பலர் சில நாளிலேயே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு மூன்று மாதத்தில் ரத்தம் 11.6-க்கு ஏறியது. விழுந்ததைத் தூக்கி நிறுத்த மாத்திரை, நின்றதைக் காக்கச் சாப்பாடு என்பதுதான் நான் கண்ட கணக்கு.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். கால் மதமதப்பு, மறதி, சோர்வு என்று வந்தால் "வயசாகுது" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கேட்கவேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம், எடை மட்டும் ஏறும். எந்தக் குறை என்று தெரியாமல் பொடி வாங்குவது, எந்தப் பூட்டு என்று தெரியாமல் சாவி வாங்குகிற கதை.

கருப்பட்டிக்கு ஒரு வரி போதும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை, ஆனால் உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான்.

செலவே இல்லாத மாற்றம் தேத்தண்ணியில் இருந்தது. மாத்திரை போட்ட கையோடு, சாப்பிட்ட வாயோடு ஒரு கிளாஸ் குடிப்பது எங்கள் கரையோரத்துப் பழக்கம். தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டேன். சாயங்காலம் ஆறு மணிக் கிளாஸை மூன்றரைக்குக் கொண்டுவந்தேன், ராத்திரி கண் சொருகத் தொடங்கியது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவந்த தப்பையும் அப்போதுதான் திருத்தினேன். ஒன்று காலை, ஒன்று இரவு.

தூக்கமா நடையா என்று கேட்டால் கடலுக்குப் போகிற வீட்டில் தூக்கம்தான் முதலில். படகு திரும்புகிற விடியலில் மூன்று மணிக்கு எழுந்து கரைக்குப் போகிறவளிடம் "எட்டு மணி நேரம் தூங்கு" என்று சொல்வது வாய்ப்பேச்சு. மதியம் இருபது நிமிஷம் கட்டையைச் சாய்ப்பது நடக்கிற காரியம், ஒரு மணி நேரமானால் ராத்திரித் தூக்கம் கெடும். நடையைப் பொறுத்தவரை, "நாள் முழுக்கத் தள்ளுவண்டியில குடம் தள்ளுறோம், அதுக்கு மேல என்ன நடை?" என்று நானும் கேட்டவள்தான். குடம் தள்ளும்போது மனசு அடுத்த குடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவோடு கடற்கரையில் அரை மணி நேரம் நடக்கும்போது அப்படி இல்லை. எரிச்சல் குறைந்தது அந்த நடையால்தான் என்பேன், மீனால் என்று சொல்லமாட்டேன்.

அந்த அக்காவுக்கு ரத்தமும் தைராய்டும் சரியாகத்தான் இருந்தன. மாப்பிள்ளை ஊரில் மகள் செட்டிலாகி, வீடு வெறிச்சென்று ஆனதிலிருந்து சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அதற்குச் சூடையும் மருந்தில்லை, மாத்திரையும் நாமாக வாங்கிப் போடுவதல்ல. மனசு சரியில்லாதவர்களுக்கு அரசு நடத்தும் டெலி மானஸின் 14416 எண்ணுக்குக் காசில்லாமல் போன் போடலாம், தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் ஆள் இருக்கிறதென்று அக்கா மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினார். முதல் தடவை பத்து நிமிஷம் அழுதாராம், அடுத்த தடவைதான் பேச்சே வந்ததாம்.