வளைவுச் சீலிங்: கீறிய எம்.டி.எஃப்.பா, ஃபிளெக்சி பிளையா, அடுக்கி ஒட்டிய பிளையா?

1200 மி.மீ. அகல நடைவழிக்கு வில் வளைவில் மரச் சீலிங் போட வேண்டும். இரு ஓரமும் 30 மி.மீ. பட்டி விட்டு, ஆரம் 1000 என்று வைத்தால் வளைவின் உயரம் சுமார் 178, வில்லின் நீளம் 1213. 2440 நீள ஷீட்டில் இரண்டு துண்டு விழும். பட்டி விடாமல் முழு அகலத்துக்கும் எடுத்தால் வில் 1287 ஆகிவிடும்; ஷீட்டுக்கு ஒரு துண்டுதான், மீதி கழிவு.

12 மி.மீ. எம்.டி.எஃப்.பை (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) ஒரு பக்கம் வரிசையாகக் கீறி வளைப்பதுதான் பலர் முதலில் எடுக்கும் வழி. எத்தனை கீறல் என்ற வழக்கமான கணக்கு, கீறல்கள் மூடிக்கொள்ளும் வளைவுக்கானது. சீலிங்கில் கண்ணுக்குத் தெரிவது உட்குழிந்த முகம். கீறல்கள் மேல்பக்கம் விரியும். எனவே இங்கே பார்க்க வேண்டியது இடைவெளி. 60 மி.மீ.க்கு ஒன்று கீறினால் கீறல்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பட்டையும் வளைவிலிருந்து 0.45 மி.மீ. விலகும், 25 மி.மீ. என்றால் 0.08தான். கோவ் லைட் (சீலிங் ஓரத்தில் மறைத்து வைக்கும் விளக்கு) பரப்பை உரசிக்கொண்டு போகும்போது அந்த அரை மில்லி பட்டை பட்டையாகத் தெரியும், எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் போகாது.

கீறலுக்கு அடியில் வெட்டாமல் விடும் 2 மி.மீ. தோலும் சீராக இருக்க வேண்டும். டிராக் சா (வழிகாட்டித் தண்டின் மேல் ஓடும் ரம்பம்) ஷீட்டின் மேல்பரப்பிலிருந்து ஆழம் எடுக்கிறது, ஷீட் 11.6 ஆக இருந்தால் தோல் 1.6 ஆகி, அந்த இடத்தில் மடியும். கணினி இயக்கும் சி.என்.சி. வெட்டும் இயந்திரத்தில் மேசைப் பரப்பை ஸீரோவாக வைத்தால் தோல் மாறாது. வளைத்த பிறகு கீறலை எபாக்சியும் மரத்தூளும் கலந்து நிரப்பாவிட்டால், பின்னாளில் பெயின்டில் கோடு விழும். ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் எம்.டி.எஃப். ஊதிவிடும்; அங்கே இந்த வழியே வேண்டாம்.

பெயின்ட் அடிக்கும் சீலிங்குக்கு எங்கள் தேர்வு 5 மி.மீ. ஃபிளெக்சி பிளை (எளிதில் வளையும் பிளைவுட்), இரண்டு அடுக்கு. அதைத் தாங்க 18 மி.மீ. பிளையில் வில் வடிவ ரிப்கள், 300 மி.மீ.க்கு ஒன்று. டிராமெல் (வட்டம் வெட்டும் ஆரக்கோல்) போட்டு ரவுட்டரால் ஒரு டெம்ப்ளேட் வெட்டி, அதன் ஓரத்தைத் தொட்டு ஓடும் பேரிங் பிட்டால் மற்றவற்றை நகலெடுத்தால் எல்லாம் ஒரே அச்சில் வரும். ரிப்பின் ஆரம் 1000 அல்ல, 1010. பலகையின் தடிமனைச் சேர்க்க மறந்தால் ஓரப்பட்டியில் ஜாயின்ட் சேராது. ஷீட் வாங்கும்போது நீளவாக்கில் வளையும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அகலவாக்கில் வளைவது வளைவுத் திசையில் 1220தான் தரும், ஷீட்டை இரண்டாக வெட்டும் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. இரண்டு அடுக்கின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் விழக் கூடாது. இதன் முகம் சொரசொரப்பானது என்பதால் புட்டி பூசித் தேய்க்கும் வேலை கூடுதல்.

வெனீர் (மெல்லிய மரத்தகடு) முகம் வேண்டும், ரிப் இல்லாமல் தொங்கும் பேனல் வேண்டும் என்றால் 4 மி.மீ. பிளை மூன்றை வளைந்த மோல்டில் (அச்சில்) வைத்து ஒட்டுவதே சரி. கழற்றியதும் வளைவு கொஞ்சம் விரியும். மூன்று அடுக்குக்கு உயரத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. 178 வேண்டுமென்றால் மோல்டை 200 உயரத்துக்கு, அதாவது 912 ஆரத்தில் செய்ய வேண்டும். வெள்ளைப் பசை நாளடைவில் இழுபட்டு வளைவை மேலும் விரித்துவிடும். யூரியா பசையோ எபாக்சியோ போட்டு இரவு முழுக்கக் கிளாம்ப் விடவும். முதல் பேனலைக் கழற்றியதும் உயரத்தை அளந்து, மோல்டைத் திருத்திய பிறகே மற்றவற்றை ஒட்டத் தொடங்கலாம்.